போலோவுக்கு ஷார்ட் ஷிஃப்டர்: ராடைக் குட்டையாக்குவதா, ஆட்டத்தை எடுப்பதா?

"கியர் ராடு தொளதொளன்னு ஆயிடுச்சு, ஷார்ட் ஷிஃப்டர் போட்டா சரியாகுமா?" பழைய போலோ வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே மூச்சில் கேட்டாலும் இதற்குள் இரண்டு வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. ராடு ரொம்ப தூரம் போய் வருகிறது என்பது ஒன்று. ராடில் ஆட்டம் இருக்கிறது, கியர் விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியவில்லை என்பது இன்னொன்று. ஷார்ட் ஷிஃப்டர் என்பது ராடு போகும் தூரத்தைக் குறைக்கும் பாகம், அது முதல் குறைக்குத்தான் தீர்வு. இரண்டாவது குறையை வைத்துக்கொண்டு அதைப் போட்டால், போலோ மாதிரி வண்டியில் நிலைமை முன்பைவிட மோசமாகும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஃபோக்ஸ்வாகன் போலோ இந்தியாவில் 2010 முதல் 2022 வரை விற்பனையில் இருந்தது. இன்று சாலையில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை வாரண்டி முடிந்தவை, பல இரண்டாவது மூன்றாவது கைக்கு மாறியவை. ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் தேடிப்பிடித்து வாங்கும் வண்டி என்பதால் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது), ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் என்று போகும் மாற்றங்களின் பட்டியலில் ஷார்ட் ஷிஃப்டரும் சேர்ந்துவிடுகிறது. இதற்கென்று ஒதுக்கிய காசை எதில் முதலில் போடுவது, எது வரைக்கும் போய் நிறுத்துவது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

கியர் ராடு ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். நடுவில் பந்து மூட்டு, மேலே நீளமான பகுதி, கீழே குட்டையான பகுதி. மேலே கை நிறைய நகர்ந்தால் கீழ்முனை கொஞ்சம் நகரும், ஆனால் அதிக பலத்தோடு நகரும். கடப்பாரையின் தத்துவமே இங்கேயும். முன்சக்கரத்தில் ஓடும் போலோவில் ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ராடின் அடியிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்பி பானட்டுக்குள் இருக்கும் கியர் பாக்ஸுக்குப் போகின்றன. ஒன்று முன்னும் பின்னும் தள்ள, மற்றது இடமும் வலமுமாக வரிசை மாற்ற. அங்கே கியர் பாக்ஸின் தலையில் இருக்கும் ஆர்ம் எனும் சிறு நெம்புகோல்களில் கேபிள் முனைகள் மாட்டியிருக்கும். ராடு, கேபிள், ஆர்ம் ஆகிய மூன்றில் எதன் அளவை மாற்றினாலும் ராடு போகும் தூரம் மாறும். ஆனால் எங்கே மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு வேறு.

தூரம் குறைந்தால் பலம் கூடித்தான் ஆகவேண்டும். 30 சதவீதம் குறைக்கிறோம் என்றால், 1-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.43 வருகிறது. அதாவது அதே கியரைப் போட கை 43 சதவீதம் அதிகமாகத் தள்ள வேண்டும். 40 சதவீதம் குறைத்தால் 67 சதவீதம் அதிகம். விளம்பரத்தில் "40 சதவீதம் குட்டை" என்று வரும்போது இந்த இரண்டாவது எண்ணும் சேர்ந்தே வருகிறது என்பதை மனதில் வையுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் நாம் கியர் போடுவது இடது கையில். பெரும்பாலானவர்களுக்கு அது பலம் குறைந்த கை. ஷார்ட் ஷிஃப்டர் பற்றி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சிலாகித்து எழுதுகிறவர்கள் வலது கையால் தள்ளுகிறார்கள். மாலை நேரத்துச் சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் ஒன்று, இரண்டு, நியூட்ரல், மறுபடி ஒன்று என்று போட்டுக்கொண்டே போகும் இடது கைக்கு அந்த 43 சதவீதம் சின்ன விஷயமில்லை.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு நாப், அதாவது ராடின் தலையில் இருக்கும் கைப்பிடி, 120 மி.மீ. நகர்கிறது, அதில் 24 மி.மீ. வெறும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு வீண். இந்த ஆட்டம் வருவது ராடின் பந்து மூட்டிலிருந்தும், கேபிளின் இரு முனைகளிலும் உள்ள புஷ் எனும் சின்ன வளையங்களிலிருந்தும். போலோவுக்குக் கிடைக்கும் மலிவான கிட்களில் மாற்றுவதோ கியர் பாக்ஸ் பக்கத்து ஆர்மை மட்டும். கேபிள் மாட்டும் புள்ளியை ஆர்மின் மையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள், அதனால் கேபிள் குறைவாக நகர்ந்தாலே கியர் விழுகிறது. நாப் நகரும் தூரம் 84 மி.மீ. ஆகிவிடும். ஆனால் அந்த 24 மி.மீ. ஆட்டம்? அது ஆர்முக்கு முன்னாலேயே இருக்கிறது. ராடின் நெம்புகோல் கணக்கை யாரும் தொடவில்லை, ஆகவே ஆட்டம் 24 மி.மீ. ஆகவே நிற்கும். ஐந்தில் ஒரு பங்காக இருந்தது இப்போது கிட்டத்தட்ட 29 சதவீதம். ராடு குட்டையாகிவிட்டது, தொளதொளப்பு கூடிவிட்டது. "கிட் போட்டும் திருப்தி இல்லை" என்று சொல்கிறவர்களின் குறை பல நேரம் இதுதான்.

ராடின் மூட்டையே உயர்த்தி வைக்கும் முழு அசெம்பிளி போட்டால் கணக்கு மாறும். அங்கே கேபிள் புஷ்ஷின் ஆட்டமும் அதே விகிதத்தில் சுருங்கும், பழைய பந்து மூட்டும் போய்விடும். ஆனாலும் கேபிள் புஷ்ஷில் ஆட்டம் இருந்தால் அதன் பங்கு மாறாமல் அப்படியே இருக்கும்.

அதனால் எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு சோதனை. செலவே இல்லை. இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியை மூன்றாவது கியரில் வையுங்கள். பானட்டைத் திறந்து ஒருவர் கியர் பாக்ஸ் ஆர்மைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ராடை மெதுவாக முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைக்கட்டும். ஆர்ம் அசையாமல் ராடு மட்டும் எவ்வளவு அசைகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஆர்ம் உடனே அசைந்தால் உங்கள் புஷ்கள் நன்றாக இருக்கின்றன, குறை நிஜமாகவே தூரம்தான். ராடு விரல் அகலத்துக்கு மேல் சும்மா ஆடுகிறது என்றால் உங்களுக்குத் தேவை புது புஷ்.

புஷ் வழிதான் என் கணக்கில் முதல் வழி. கேபிள் முனையில் இருப்பது பிளாஸ்டிக்கோ ரப்பரோ சேர்ந்த ஒரு சின்ன வளையம். கியர் பாக்ஸின் சூடு, எண்ணெய்ப் பிசுக்கு, வருடக்கணக்கான இழுபறி எல்லாம் சேர்ந்து அது நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். சில கேபிள்களில் அதை மட்டும் மாற்ற முடியும், சிலவற்றில் முனையோடு சேர்த்தோ கேபிளோடு சேர்த்தோதான் வரும். முதல் வகை என்றால் ஷார்ட் ஷிஃப்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. பித்தளையிலும் அலுமினியத்திலும் புஷ் விற்கிறார்கள். அவை கையில் தரும் பிடிமானம் நன்றாகவே இருக்கும், கியர் விழுவது "டக்" என்று உறைக்கும். ஆனால் கியர் பாக்ஸின் அதிர்வையும் அப்படியே ராடுக்குக் கொண்டுவரும். டீசல் போலோவில் அந்த அதிர்வு நாள்பட எரிச்சலாகிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் புஷ் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், தினமும் ஓட்டும் வண்டிக்கு அது போதும்.

புஷ்ஷோடு சேர்த்து கியர் ஆயிலையும் பாருங்கள். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சொல்லப்படும் ஆயிலும் பழசாகும். கையேட்டில் ஆயிலின் தர வகை ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4தான் ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 பெரிய எண், ஆகவே உசத்தி என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். பின் ஆக்சில் மாதிரியான இடங்களுக்கு ஏற்ற கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதில் அதிகம். சிங்க்ரோ வளையத்துக்குத் தேவையான உராய்வை அது கெடுக்கும், சில ஆயில்கள் பித்தளையையே அரிக்கும்.

சிங்க்ரோ பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் வண்டி வேகமாகும் என்ற நம்பிக்கை அதில்தான் உடைகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இரண்டு வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தால்தான் பற்கள் சேரும். அந்த வேலையை ஒரு கூம்பு வளையம் உராய்ந்து உராய்ந்து செய்கிறது. வேகம் ஒத்துப்போகும் வரை அதன் தடுப்புப் பற்கள் வழிவிடாது. கை எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் அந்த இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். பக்கத்திலேயே கிளட்ச் இறங்கி ஏறும் நேரமும், இன்ஜின் சுற்று இறங்கும் நேரமும் இருக்கின்றன. 36 மி.மீ. குறைவாக நகர்வதால் மிச்சமாகும் நேரம் இவற்றுக்கு முன்னால் மிகச் சிறியது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் கூடுதல் பலம் கொடுத்துக் குத்தினால் தேய்வது அந்த வளையம்தான். ஷார்ட் ஷிஃப்டரில் கிடைப்பது வேகமில்லை, கைக்குத் தெரியும் துல்லியம். அதற்காகக் காசு கொடுப்பது எனக்கு முழுச் சம்மதம். கியர் சரியாக விழும் அந்த உணர்வுக்காகத்தானே இன்னும் மேனுவல் வண்டியை விடாமல் வைத்திருக்கிறோம்.

அடுத்த வழி நாப். எடை கூடிய நாப் ஒன்றைப் போட்டால் ராடு போகும் தூரம் மாறாது, ஆனால் நகர ஆரம்பித்ததும் அதன் எடையே உந்துதல் தந்து கியரை உள்ளே கொண்டுபோகும். பழைய நாப்பைவிடக் குட்டையாக உட்கார்ந்தால் தூரமும் சிறிது குறையும். போலோவில் ஒரு சிக்கல். நாப்பும் அதன் கீழே இருக்கும் தோல் உறையும் ஒன்றாகச் சேர்ந்து, அழுத்தி மூடிய கிளாம்ப்பில் பிடித்திருக்கும். மாருதியிலோ ஹோண்டாவிலோ செய்வதுபோல் திருகி எடுத்து வேறொன்றைத் திருகி வைத்துவிட முடியாது. அடாப்டர் வேண்டும், அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் நாப் தனியாகச் சுற்றும். முழு இரும்பு, அலுமினிய நாப் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மே மாதம் வேலூரில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து அதைத் தொட முடியாது. தோலோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ சுற்றிய எடை நாப் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

கியர் பாக்ஸ் பக்கத்து ஆர்ம் கிட் மூன்றாவது வழி. ஷார்ட் ஷிஃப்டர் என்ற பெயரில் போலோக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது எடைக்கட்டி. கம்பெனி ஆர்மில் ஓர் இரும்புக் கட்டி சேர்ந்திருக்கும். பார்த்தால் எதற்கென்றே தெரியாது, ஆனால் சிங்க்ரோவின் தடையைத் தாண்டி கியர் வழுக்கிக்கொண்டு போக அது உதவுகிறது. விலை குறைந்த சில கிட்கள் அந்தக் கட்டியில்லாமல் வெறும் ஆர்மாக வருகின்றன. போட்டவுடன் கியர் கரடுமுரடாக, படிப்படியாக விழும். கட்டியோடு வரும் கிட்டுக்கு இரண்டு மடங்கு விலை என்றாலும் அதுதான் வாங்கத் தக்கது. இன்னொன்று, பல கிட்கள் முன்பின் தூரத்தை மட்டும் குறைக்கும், இடவலம் அப்படியே இருக்கும். சிலருக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு இது நல்லதாகவே படுகிறது, காரணம் தவறான கியர் பயம்.

அதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியிலேயே குட்டையான ராடுக்குப் பெயர் பெற்றது. அதன் ஐந்து கியர் பெட்டியில் இரண்டாவதின் விகிதம் 1.888, மூன்றாவதின் விகிதம் 1.330. மூன்றில், இன்ஜின் நிமிடத்துக்கு 6500 சுற்றில் போய்க்கொண்டிருப்பவர் நாலு போட நினைத்து, அவசரத்தில் பக்கத்து வரிசைக்குப் போய் இரண்டைப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை விட்டதும் இன்ஜின் 9200 சுற்றுக்கு இழுக்கப்படும். அதன் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக்கூடாத எல்லை, ஏழாயிரத்தைச் சுற்றித்தான். சுற்றைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இங்கே உதவாது, ஏனென்றால் இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். வால்வு வளையலாம், அதற்கு மேலும் ஆகலாம். வரிசைகளுக்கு இடையே உள்ள இடைவெளி எவ்வளவு நெருக்கமாகிறதோ அவ்வளவு எளிதாக இது நடக்கும். பந்தயக்காரர் கைக்கு அது பழகிவிடும். வாரம் முழுக்க ஆட்டோமேட்டிக் ஆபீஸ் கேப்பில் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் வண்டியை எடுக்கிறவருக்குப் பழகாது.

அந்த எம்எக்ஸ்-5 காரர்கள் செய்வதும் கவனிக்கத் தக்கது. அதில் கேபிள் கிடையாது, ராடு நேராக கியர் பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். வயதான வண்டியில் அவர்கள் முதலில் செய்வது ராடின் அடியில் உள்ள நைலான் புஷ்ஷையும் கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றுவது, ராடு உட்காரும் கிண்ணத்தில் ஆயில் நிரப்புவது. அதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பிஎம்டபிள்யூ உலகத்தில் வேறொரு நல்ல பழக்கம் உண்டு. 90-களின் ஈ36 வரிசைக் கார்களுக்கு இசட்3 1.9 காரின் கம்பெனி ராடையே எடுத்துப் போடுவார்கள். அளவு வேறு, தரம் கம்பெனித் தரம். போலோவுக்கு அப்படி ஒரு சுலபமான கம்பெனி மாற்று என்று என்னால் கைகாட்ட முடியாது, ஆனால் யோசனை நல்லது.

நான்காவது வழி முழு அசெம்பிளி. பழைய ராடு, அதன் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேரிங் வைத்த உலோக மூட்டோடு உயரமாக நிற்கும் புதிய ஒன்று. ராலி, டிராக் வண்டிகளுக்காகச் செய்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ வருடத்தில் சில நாளாவது ஓட்டுகிறவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. நாப் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், ராடின் மூட்டில் ஆட்டம் என்பதே இருக்காது. ஆனால் இறக்குமதி வரியோடு சேர்த்தால் பல பத்தாயிரங்கள் ஆகும். நடுக் கன்சோலை வெட்ட வேண்டி வரலாம், தோல் உறை மூடாது, சத்தமும் சூடும் உள்ளே வரும். போலோவில் ரிவர்ஸ் போட ராடைக் கீழே அழுத்தி இடப்பக்கம் தள்ள வேண்டும் அல்லவா, அந்தப் பாதுகாப்பு புதியதிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகும் வண்டிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஐந்தாவதாக நம் ஊருக்கே உரிய வழி, லேத் பட்டறை. மேலே உள்ள ராடை ஒரு அங்குலம் அறுத்து மரை போட்டுத் தருவார்கள். அதில் பெரிய ஆபத்தில்லை, நாப் கீழே இறங்கும், தூரம் கொஞ்சம் குறையும். ஆனால் அடிப்பகுதியை நீட்டி வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பந்து மூட்டைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக், வெல்டிங் சூட்டில் அது உருமாறும். வெல்டிங் விட்டுப்போனால் வண்டி நெடுஞ்சாலையில் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். பொலேரோ, ஜிப்சி மாதிரி நீண்ட ராடு வண்டிகளைக் குட்டையாக்கவும் இதே பட்டறைகளுக்குப் போகிறார்கள். பாரம் இழுக்கும் வண்டியின் ராடு நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தொடாமல் விடுவதே மேல்.

ஆக, நான் போகச் சொல்லும் வரிசை இப்படி. சோதனையில் ஆட்டம் தெரிந்தால் புஷ், ஆயில், கேபிள் செட்டிங். ஒரு மாதம் ஓட்டுங்கள். கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் அங்கேயே திருப்தி ஆகிவிடுவார்கள் என்பது என் எண்ணம். அப்புறமும் தூரம் உறுத்தினால் எடைக்கட்டியோடு வரும் ஆர்ம் கிட், 25 முதல் 30 சதவீதம் வரை, அதற்கு மேல் வேண்டாம். தினமும் நகர நெரிசலில் ஓட்டுகிறவர், தோள்பட்டையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர், வீட்டில் வேறொருவரும் ஓட்டும் வண்டி என்றால் எடை நாப்போடு நிறுத்திக்கொள்ளலாம். வாரண்டி மிச்சமிருக்கும் வண்டிக்காரர் புஷ் வேலையைக்கூட சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுச் செய்வது நல்லது, கியர் பாக்ஸ் சம்பந்தப்பட்ட எந்த வெளி மாற்றமும் பிறகு வாதத்துக்கு வரும்.

மாட்டும் வேலையில் ஆர்ம் மாற்றுவது சுலபம், கேபிள் செட்டிங்தான் வேலை. பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்தால் கை போகும் இடம் கிடைக்கும். கேபிள் முனைகளில் ஸ்பிரிங் வைத்த காலர் இருக்கும், அதை இழுத்துத் திருப்பினால் கேபிள் நீளத்தின் பூட்டு திறக்கும். கியர் பாக்ஸின் செலக்டர் ஷாஃப்டை (கியரைத் தேர்ந்தெடுக்கும் தண்டு) அழுத்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் வளைந்த பூட்டுக் கம்பியைத் திருப்பினால் ஷாஃப்ட் ஒரே இடத்தில் நிற்கும். உள்ளே தோல் உறையைத் தூக்கி, ராடை நியூட்ரலில் 1-2 வரிசைக்குத் தள்ளி, அதன் துளையில் ஒரு பின் செருக வேண்டும். கம்பெனிக் கருவி இல்லாதவர்கள் துளைக்குச் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் அடிப்பகுதியைச் செருகுவார்கள். இரு முனையும் அசையாமல் நிற்கும்போது காலர்களை விட்டால் கேபிள் தன் சரியான நீளத்தில் பூட்டிக்கொள்ளும். பிறகு பின்னையும் பூட்டுக் கம்பியையும் எடுத்துவிட வேண்டும். "கண்ணாலேயே பாத்து வெச்சுடலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் கியர் பாதி விழுந்து நிற்கும், பற்களின் ஓரம் தேயும், ஒருநாள் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே வரும்.

மாட்டி முடித்ததும் இன்ஜின் நிறுத்திய நிலையில் எல்லா கியரும், ரிவர்ஸும் முழுதாக விழுகிறதா, நாப்போ ராடோ கன்சோலில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி கியர் பாக்ஸ் சூடான பின் மறுபடி எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். காலியான இறக்கம் ஒன்றில் மூன்றிலும் நாலிலும் ஆக்சிலேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, கியர் நிற்கிறதா என்று சோதியுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆர்மின் நட்டை ஒருமுறை டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்த்துவிடுங்கள்.